மலிவு விலை வீடு இல்லீங்க, கட்டுபடியாகுற வீடு

போன வாரம் மறுபடியும் ஒரு நோட்டீஸ்ல பாத்தேன், "மலிவு விலை வீடுகளுக்கு விண்ணப்பிக்கலாம்"னு. மாநகராட்சியோட அஃபோர்டபிள் ஹவுசிங் திட்டத்துக்கு யாரோ பண்ண தமிழாக்கம். செய்தியில இதான் வருது, வீடியோ விளக்கத்துல இதான் வருது, இப்ப மெஷின் மொழிபெயர்ப்பும் இதையே புடிச்சுக்கிச்சு. எனக்கு பொறுமை போயிடுச்சு, ஏன்னா இது வெறும் சொல் பிரச்சினை இல்ல, இந்த ஒரு வார்த்தையால விண்ணப்பமே போடாம போனவங்கள நான் நேர்ல பாத்திருக்கேன்.

வீட்டு உதவி ஃபாரம் நிரப்ப ஆளுங்களுக்கு உதவி பண்ற இடத்துல கொஞ்ச நாள் உக்காந்திருந்தேன். ஒரு பெரியம்மா நோட்டீஸ நாலா மடிச்சு பையில வச்சிருந்தாங்க, மடிப்புல எழுத்தே அழிஞ்சு போயிருந்துச்சு. அத விரிச்சு வச்சு, "தம்பி, மலிவுன்னு போட்டிருக்கே, மட்டமா கட்டுனதா? மழைக்கு ஒழுகுமா?"ன்னு கேட்டாங்க. அடுத்து, "மலிவா இருந்தாலும் வாங்குற அளவுக்கு எங்கிட்ட காசு இல்லையேப்பா"ன்னாங்க. ரெண்டுமே தப்பான புரிதல், ஆனா ரெண்டுக்கும் காரணம் அந்த நோட்டீஸ்தான். மலிவுன்னா தரம் கம்மி, விலைன்னா விக்கறாங்க. அவங்க கையில இருந்ததோ வாடகை வீட்டுக்கான ஃபாரம்! நான் சொன்னேன், "பெரியம்மா, உங்க வருமானம் எவ்வளவோ அதுக்கு கட்டுபடியாகுற மாதிரி வாடகை வெப்பாங்க"ன்னு. உடனே, "அப்ப வருமானத்துக்கு சர்டிஃபிகேட் கேப்பாங்களா?"ன்னு கேட்டாங்க. சரியான கேள்வி. சரியான சொல்ல சொன்னதும் சரியான கேள்வி தானா வந்துச்சு.

சொல்லோட வேர சுருக்கமா பாத்துடலாம். அஃபோர்டுங்கற இங்கிலீஷ் சொல்லுக்கு அடியில இருக்கறது ஃபோர்த், அதாவது முன்னாடி, முன்னோக்கி. பழைய இங்கிலீஷ்ல ஒரு காரியத்த முன்ன கொண்டு போறது, முடிச்சு வைக்கிறதுதான் அதோட அர்த்தம். அதுலேருந்து சமாளிக்க முடியறது, பிறகு காசு விஷயத்துல தாங்க முடியறதுன்னு வந்துச்சு. நாம "நம்மால முடியாதுப்பா"ன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அந்த முடியறதுதான். விலை கம்மிங்கற பொருள் அதுல எங்கயும் இல்ல.

மலிவு வேற குடும்பம். மலி-ன்னா நிறைய இருக்கறது, பெருகறது. ஒரு பொருள் மலிஞ்சு கிடந்தா விலை இறங்கும், அதுலேருந்துதான் மலிவுக்கு விலை குறைவுங்கற பொருள் வந்துச்சு. அழகான சொல்தான், நான் அதுக்கு எதிரி இல்ல. ஊர்ல நிறைய வீடு கட்ட விடுங்க, வீடு மலிஞ்சா வாடகை தானா இறங்கும்னு ஒரு தரப்பு இருக்கு, அந்த வாதத்த எழுதும்போது மலிவுன்னு தாராளமா எழுதலாம், கன கச்சிதமா பொருந்தும். ஆனா மாநகராட்சி அஃபோர்டபிள்னு சொல்றது அத இல்லையே.

அது என்ன சொல்லுதுன்னா, ஒரு குடும்பத்தோட வருமானத்துல இத்தனை பங்குக்கு மேல வீட்டுக்கு போகக்கூடாதுங்கறது. அமெரிக்காவுல 1969ல அரசு வாடகைக்கு விடற பொது வீடுகள்ல இருக்கறவங்களுக்கு வாடகை வருமானத்துல 25 சதவீதத்த தாண்டக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, 1981ல அத 30 ஆக்கினாங்க, அந்த 30தான் இன்னைக்கு பல நாட்டுல பேசற கணக்குக்கு அடிப்படை. நூறு சம்பாதிச்சா முப்பது வீட்டுக்கு, மிச்ச எழுபதுல மத்ததெல்லாம். ஆக இது ஒரு விகிதம். ஒரே வீடு, ஒரே வாடகை, மேல் மாடியில இருக்கறவருக்கு அஃபோர்டபிள், அவர் வீட்டுல வேலை செய்யற அம்மாவுக்கு இல்ல. வீட்ட மட்டும் பாத்து இது அஃபோர்டபிளா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது, குடியிருக்கறவர் யாருன்னு தெரியணும்.

இங்கதான் கட்டுபடிங்கற சொல் ஜெயிக்குது, அதுவும் இலக்கணத்துலயே ஜெயிக்குது. கட்டுபடியாகும்னு சொன்ன அடுத்த நொடி காது "யாருக்கு?"ன்னு கேக்கும். எனக்கு கட்டுபடியாகல, உனக்கு கட்டுபடியாகும், அவங்களுக்கு எப்படி கட்டுபடியாகும்னு அந்த "கு" வராம வாக்கியம் நிரம்பாது. மலிவுக்கு அந்த கேள்வியே இல்ல, மலிவுன்னா மலிவு, ஆள் இல்லாமலே நிக்கும். ஒரு மாநகராட்சி "ஆயிரம் அஃபோர்டபிள் வீடு கட்டிட்டோம்"னு சொல்லும்போது நாம கேக்க வேண்டிய முதல் கேள்வி யாருக்குங்கறதுதான். அமெரிக்க நகரங்கள்ல வட்டார இடைநிலை வருமானத்துல (குடும்பங்கள வருமானப்படி வரிசையா வச்சா நடுவுல நிக்கறதோட வருமானம்) 80 சதவீதம் வரைக்கும் குறைந்த வருமானம், 50 வரைக்கும் மிகக் குறைந்த வருமானம், 30 இல்லன்னா வறுமைக்கோடு, எது பெருசோ அது வரைக்கும் அதிலயும் அடிமட்டம்னு படி படியா பிரிச்சு வச்சிருக்காங்க. 80க்கு கணக்கு போட்டு கட்டுன வீட்டுல 30ல இருக்கறவர் முழு வாடகை குடுத்து குடி போனா பாதிக்கு மேல வாடகைக்கே போயிடும். 80க்கு கட்டுன வீட்டுக்கும் 30க்கு கட்டுன வீட்டுக்கும் நோட்டீஸ்ல ஒரே பேரு, மலிவு விலை வீடு. சொல்லே கேள்விய முழுங்கிடுது பாருங்க.

இன்னொண்ணு, கட்டுபடி ரெண்டு பக்கமும் பேசும். வாங்கறவர் மட்டும் இல்ல, விக்கறவரும் "இந்த விலைக்கு குடுத்தா எனக்கு கட்டுபடியாகாதுங்க"ன்னு சொல்வார். இந்த திட்டங்களோட முழு வேலையும் அந்த ரெண்டு கட்டுபடிக்கு நடுவுலதான் நடக்குது. குடியிருப்பவருக்கு கட்டுபடியாகுற வாடகை கட்டுறவருக்கு கட்டுபடியாகாது, நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் வட்டிக்கும் வாடகை காணாது, அந்த இடைவெளிய யாராவது நிரப்பணும். அதுக்குதான் நகரம் தன் நிலத்த தருது, இல்ல கூடுதலா ரெண்டு மாடி கட்டிக்கோ ஆனா இத்தனை சதவீத வீட்ட குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு ஒதுக்குன்னு பில்டர்கிட்ட சொல்லுது, இல்ல வாடகையில ஒரு பங்க தானே கட்டுது, இல்ல வரிச் சலுகை, அமெரிக்காவுல 1986லேருந்து நடக்கற வரி வரவுத் திட்டம் மாதிரி (இந்த வீடுகளுக்கு பணம் போடறவர் தன் வரியில ஒரு பங்க கழிச்சுக்கலாம்). இத்தனையும் ஒரே சொல்லுக்குள்ள அடங்குது, மலிவுன்னு எழுதினா என்னமோ செங்கல்ல காசு மிச்சம் புடிச்ச மாதிரி தோணுது.

செங்கல்ல மிச்சம் புடிக்காம கட்டுனதுக்கு வியன்னாவ விட நல்ல உதாரணம் கிடையாது. 1923ல அந்த நகரம் வீட்டு வரின்னு ஒண்ணு போட்டு, பெரிய மாளிகைக்காரங்க கிட்ட நிறையவும் சின்ன வீட்டுக்காரங்க கிட்ட கொஞ்சமாவும் வாங்கி, தானே அடுக்குமாடி கட்ட ஆரம்பிச்சுது. 1930ல திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப்ங்கற குடியிருப்புல 1,300க்கு மேல வீடு, நடுவுல பெரிய பெரிய முற்றம், துணி துவைக்கற கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம் எல்லாம். அந்த ஊர்ல இன்னைக்கும் ஏறக்குறைய பாதி ஜனங்க நகராட்சி வீட்டுலயோ அரசு உதவியில கட்டுன வீட்டுலயோதான் இருக்காங்க. அத போய் மலிவு வீடுன்னு சொன்னா கட்டுனவனுக்கும் அவமானம் குடியிருக்கறவனுக்கும் அவமானம்.

மத்த போட்டி சொற்களும் இருக்கு. "வாங்கத்தக்க வீடு"ன்னு சிலர், அதுல வாடகை விழுந்துடுது, இந்த திட்டங்கள்ல பெரும்பகுதி வாடகைதான். "மலிவுத்திறன் வீட்டுவசதி"ன்னு ஒண்ணு பாத்தேன், திறன் யாருக்கு, வீட்டுக்கா? சொல்ல ரெண்டா வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் அகராதி பாத்து ஒட்டுன சொல் அது. "ஏழைகளுக்கான வீடு"ன்னும் எழுதறாங்க, ஆனா 80 சதவீத படியில பஸ் டிரைவரும் நர்ஸும் டீச்சரும் வருவாங்க, அவங்க இது நமக்கில்லன்னு போயிடுவாங்க. கட்டுபடி பேச்சு வழக்கு, கொச்சை, அரசு ஆவணத்துல எப்படி போடறதுன்னு ஒருத்தர் என்கிட்ட வாதாடினார். எனக்கு புரியல, தமிழ் வேர் உள்ள, எல்லாருக்கும் புரியற, அர்த்தம் துல்லியமா இருக்கற சொல் எப்படி கொச்சை ஆகும்? சிங்கப்பூர் தமிழ்ச் செய்தியில கட்டுப்படியான விலைன்னு ரொம்ப நாளா எழுதறாங்க, ஒண்ணும் கெட்டுப்போகல. தூய தமிழ் எனக்கும் வேணும், ஆனா ஜனங்க வாயில உயிரோட இருக்கற தமிழ ஒதுக்கிட்டு புதுசா தைக்கறது தூய்மை ஆகாது.

போற போக்குல இன்னொரு தப்பு. மேல இடைநிலை வருமானம்னு எழுதினேன்ல, அத பாதி பேரு சராசரி வருமானம்னு எழுதறாங்க. பள்ளிக்கூட கணக்குலயே ரெண்டும் வேற. ஒன்பது வீட்ட வருமானப்படி வரிசையா நிக்க வச்சு நடுவுல இருக்கறத பாக்கறது இடைநிலை. எல்லாத்தையும் கூட்டி வகுக்கறது சராசரி, அதுல ஒரே ஒரு கோடீஸ்வரன் வந்தா மொத்த கணக்கும் மேல ஏறிடும். தகுதி வரம்பு எழுதற எடத்துல இத மாத்தி எழுதினா ஒரு குடும்பம் தனக்கு தகுதி உண்டா இல்லையான்னே தப்பா கணக்கு போடும்.

வீடில்லாதவங்களுக்கு வெக்கற பேரும் இதே கதி. ஹோம்லெஸ்னா "ஆதரவற்றோர்"னு எழுதறாங்க. ஆதரவு இல்லாதது வேற, வீடு இல்லாதது வேற. வேலைக்கு போயிட்டு வந்து கார்ல தூங்கறவங்க இருக்காங்க, சொந்தக்காரங்க இருந்தும் அவங்க வீட்டுல இடம் இல்லாம நிக்கறவங்க இருக்காங்க. "பிச்சைக்காரர்"னு எழுதறதெல்லாம் மன்னிக்கவே முடியாத தப்பு. "வீடிலி"ன்னு ஒரு ஆக்கம் இருக்கு, கம்பியிலி மாதிரி, கச்சிதம்தான், ஆனா அது ஆளோட அடையாளமா ஒட்டிக்குது, இன்னைக்கு இருக்கற நிலைமைய பிறவிக்குணம் மாதிரி காட்டுது. எனக்கு "வீடில்லாதவங்க", எழுத்துல "வீடற்றோர்" போதும். யார் வீடில்லாதவங்கங்கறதே பெரிய சண்டை: ஐரோப்பாவுல ஃபியான்ட்சாங்கற அமைப்பு கூரையே இல்லாதவங்க, கூரை உண்டு வீடில்லாதவங்க, எப்ப வேணா வெளிய போகணும்னு பயத்துல இருக்கறவங்க, இருக்கவே லாயக்கில்லாத எடத்துல இருக்கறவங்கன்னு நாலா பிரிச்சுது. அமெரிக்காவுல ஜனவரி கடைசியில ஒரு ராத்திரி தெருவுலயும் தங்குமிடத்துலயும் எண்ணறாங்க, அந்த ராத்திரி சொந்தக்காரங்க சோஃபாவுல படுத்தவங்க கணக்குலயே வரமாட்டாங்க. இவ்வளவு நுணுக்கமான விஷயத்துல ஆதரவற்றோர்னு ஒரே போர்வைய போத்தி மூடிடறாங்க.

நம்ம மொழியில இந்த வித்தியாசம் எவ்வளவு பழசு தெரியுமா. "புக்கில் அமைந்தின்று கொல்லோ உடம்பினுள் துச்சில் இருந்த உயிர்க்கு"ன்னு 340வது குறள். துச்சில்னா ஒண்டிக்கிடக்கற இடம், புக்கில்னா போய் புகுந்து நிலையா இருக்கற இல். வள்ளுவர் உயிரப் பத்தி சொன்னார், ஆனா உவமைக்கு எடுத்துக்கிட்டது ஒண்டுக்குடித்தனத்தத்தான். ஷெல்டர் துச்சில், வீடு புக்கில், அவ்வளவு தெளிவு. அதுக்காக நோட்டீஸ்ல துச்சில்னு போடச் சொல்லல, இன்னைக்கு யாருக்கும் புரியாது. தங்குமிடம்னு ஒண்ணு, குடியிருப்புன்னு ஒண்ணு, ரெண்டையும் குழப்பாம எழுதினா போதும்.

குழப்பினா என்ன ஆகும்னா, ஹவுசிங் ஃபர்ஸ்டுக்கு ஆனது ஆகும். 1992ல நியூயார்க்ல சாம் செம்பெரிஸ்ங்கற உளவியலாளர் ஆரம்பிச்ச முறை. குடிய விட்டாதான் வீடு, வைத்தியம் முடிச்சாதான் வீடுன்னு இருந்தத திருப்பிப் போட்டு, சாவிய முதல்ல கையில குடு, மத்தது பிறகு பாத்துக்கலாம்னாங்க. ஃபின்லாந்து 2008லேருந்து இதையே நாட்டுக் கொள்கையா எடுத்து, பழைய தங்குமிடங்கள வாடகை ஒப்பந்தத்தோட தனித்தனி வீடா மாத்துனாங்க, துச்சில புக்கில் ஆக்கினாங்கன்னே சொல்லலாம். அத தமிழ்ல "முதல் வீடு"ன்னு எழுதி வச்சிருக்காங்க! முதல் வீடுன்னா ஒருத்தர் மொத மொத லோன் போட்டு வாங்கற வீடு. "முதல்ல வீடு"ன்னு ஒரு "ல" சேத்தா முடிஞ்சுது, "வீடே முதல்"னாலும் சரி. மூல வாக்கியத்த புரிஞ்சுக்காம சொல்ல மட்டும் மாத்தினா இப்படித்தான் ஆகும்.

ஒரு எடிட்டர் நண்பர்கிட்ட இதெல்லாம் சொன்னப்ப, நியாயம்தான், ஆனா கட்டுபடி வீடுன்னு போட்டா தலைப்புல இடம் போதாது, மலிவு விலை வீடு கச்சிதம்னு சொன்னார். எண்ணிப் பாருங்கன்னேன். மலிவு விலை வீடு ஏழு எழுத்து. கட்டுபடி வீடு, அதுவும் ஏழு.