முறைசாராக் கற்றல் அல்ல, பட்டறிதல்

சென்ற மாதம் ஓர் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் திரையில் இந்தத் தலைப்பைப் போட்டார்கள்: ‘ஆசிரியர்களின் உணர்ச்சிகளும் முறைசாராக் கற்றலும்’. பக்கத்து நாற்காலி ஆசிரியை மெதுவாக, “அறிவொளி இயக்கம் மாதிரியா சார்?” என்று கேட்டார். பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த இயக்கம் அது. அவர் கேட்டதில் பிழையே இல்லை, பிழை தலைப்பில்தான். ஆய்வேட்டிலும் கையேட்டிலும் ‘முறைசாராக் கற்றல்’ என்ற சொல்லைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது.

ஆங்கில மூலம் ‘இன்ஃபார்மல் லேர்னிங்’. ‘ஃபார்மா’ என்ற லத்தீன் சொல்லுக்கு வடிவம் என்று பொருள், முன்னொட்டு அதை மறுக்கிறது. பாடத்திட்டம், வகுப்பு, சான்றிதழ் எதுவும் இல்லாமல் வேலையின் போக்கில் ஒருவர் கற்றுக்கொள்வதைக் குறிக்கும் சொல் அது.

இதற்கு ‘முறைசாரா’ ஏன் ஆகாது? முதலாவது, அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்கும் எழுத்தறியாத பெரியவர்களுக்கும் நடத்தும் வகுப்பைத்தான் நாம் முறைசாராக் கல்வி என்று சொல்லிவருகிறோம். அங்கே நேரம் உண்டு, நூல் உண்டு, சொல்லித்தர ஆள் உண்டு. 1974இல் கல்வி ஆய்வாளர்கள் பிலிப் கூம்ப்ஸும் மன்சூர் அகமதுவும் இவற்றைத் தெளிவாகப் பிரித்தார்கள்: பள்ளிக்கு வெளியே ஏற்பாடு செய்து நடத்துவது ஒன்று, அன்றாட வாழ்விலிருந்து வாழ்நாள் முழுதும் ஒருவர் பெறுவது இன்னொன்று. அவர்கள் பிரித்ததை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே சொல்லில் கட்டிவிட்டார்கள்.

இரண்டாவது, ‘முறை’ நம் மொழியில் எடையுள்ள சொல். ஒழுங்கு, நீதி, உறவு எல்லாம் அதில் அடங்கும். மூத்த ஆசிரியரிடம் இளையவர் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட முறையான காரியம் எது? அதைப் போய் முறை சாராதது என்கிறோம். அரசுசாரா, பள்ளிசாரா, அமைப்புசாரா என்று ‘சாரா’ போட்டே சொல் செய்து பழகிவிட்டது. ஒரு பொருள் எது இல்லை என்று மட்டும் சொன்னால், அது எது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? சிலர் ‘தற்செயல் கற்றல்’ என்கிறார்கள். அது இன்னும் மோசம். நான்காம் வகுப்புப் பிள்ளை மூன்றில் ஒரு பங்கைவிட நான்கில் ஒரு பங்குதான் பெரிது என்று சாதிக்கிறது. என்ன செய்வதென்று புரியாமல் ஆசிரியை உணவு இடைவேளையில் அடுத்த வகுப்பு அக்காவிடம் போய்க் கேட்கிறார். இதில் தற்செயல் எங்கே இருக்கிறது?

நான் முன்வைக்கும் சொல் பட்டறிதல். ‘பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். பட்டறிவு கிடைத்த பயன், பட்டறிதல் அது நடக்கும் வினை. ‘படு’ துன்பத்துக்கு உரியதல்லவா என்று தடை சொல்வார்கள். கவலைப்படுகிறோம், வெட்கப்படுகிறோம், கோபப்படுகிறோம், சரிதான். ஆசைப்படுகிறோம், பெருமைப்படுகிறோம், சந்தோஷமும் படுகிறோம். மனத்தில் எழுவதைச் சொல்லத் தமிழ் எடுக்கும் வினையே ‘படு’தான். தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்வுகளையும் அடுக்கி, உடலில் வெளிப்படும் அவற்றை மெய்ப்பாடு என்கிறது. அந்தப் ‘பாடு’ம் இந்தப் ‘படு’வும் ஒரே வேர். ஆசிரியரின் உணர்வுக்கும் அவர் வேலையில் கற்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் ஆய்வுக்கு இரண்டு பக்கத்துக்கும் பொதுவான வேர் நம்மிடம் இருக்கிறது!

அந்த ஆசிரியையையே எடுத்துக்கொள்ளுங்கள். புரியவைக்க முடியவில்லையே என்ற கவலை அவரை அக்காவிடம் போகவைத்தது. அதே இடத்தில் இளிவரல், அதாவது இழிவாகிவிடுமோ என்ற கூச்சம், முந்திக்கொண்டிருந்தால், ‘இதுகூடத் தெரியாதா’ என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பார், கற்றல் அங்கேயே நின்றிருக்கும். மறுநாள் ஒரு தோசையைப் பிய்த்துக் காட்டிப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் அந்த உவகையில் நான்கு பேரிடம் சொல்வார். சொல்லச் சொல்ல அவருக்கே இன்னும் தெளியும். நன்னூல் மாணவரைப் பற்றிச் சொன்னது இங்கே ஆசிரியருக்கும் பொருந்துகிறது: ஆசான் சொல்வதால் கிடைப்பது காற்பங்கு, “அவ்வினை யாளரொடு பயில்வகை ஒருகால்”, அதாவது உடன் பயில்பவரோடு பழகுவதில் இன்னொரு காற்பங்கு, பிறருக்கு எடுத்துரைப்பதில்தான் மீதி அரைப்பங்கு. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில் வளர்ச்சிக்கு ஒதுக்கச் சொல்கிறது. அந்த மணிக்கணக்கு முழுவதையும் பணியிடைப் பயிற்சியில் போட்டுவிட்டால் நன்னூல் கணக்கில் காற்பங்குக்குத்தான் வழி செய்தவர்களாவோம்.

‘உணர்ச்சி’யையும் அந்தத் தலைப்பிலிருந்து எடுத்துவிடலாம். ‘உணர்ச்சிவசப்படாதீங்க டீச்சர்’ என்று கேட்டுக் கேட்டு, அது ஆசிரியரிடம் காணப்படும் ஒரு குறை என்றே ஆகிவிட்டது. ‘உணர்வு’ போதும். தானாகத் தேடிப் படிப்பதும் காணொளி பார்ப்பதும் பட்டறிதலில் முழுதாக அடங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் ‘தேடிக் கற்றல்’ என்று தனியாகவே எழுதலாம். தலைப்பு இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘ஆசிரியர் உணர்வுகளும் பட்டறிதலும்’. பக்கத்து நாற்காலி ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். “இது எங்க ஸ்டாஃப் ரூம்ல தினமும் நடக்குதே சார்” என்றார்.