மையமற்றதா, பரவலாக்கப்பட்டதா?

தாமாக முடிவெடுத்துச் சுமை கொண்டுசேர்க்கும் ரோபோக்கள் மறைநாணயத்தில் (கிரிப்டோகரன்சி) கட்டணம் செலுத்துவதைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றில், 'பரவலாக்கப்பட்ட வலையமைப்பு' என்ற தொடர் பத்தி தவறாமல் வந்தது. 'டீசென்ட்ரலைஸ்டு' என்பதற்கு இப்போது எல்லாரும் இதையே எழுதுகிறார்கள்.

மூலச் சொல்லின் கதை சிறியது. கூர்முனையைக் குறித்த 'கென்ட்ரான்' என்னும் கிரேக்கச் சொல், கவராயத்தின் ஊன்றிய முள்ளாகி, பின் வட்டத்தின் மையமாயிற்று. 'டீ' என்னும் முன்னொட்டு அந்த மையத்தை விலக்குகிறது.

'பரவலாக்கம்' நல்ல சொல்தான். 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்குத் தந்ததை 'அதிகாரப் பரவலாக்கம்' என்பது பொருத்தமே. அங்கே கொடுக்கும் கை ஒன்று மேலே இருக்கிறது. 'ஆக்கப்பட்ட' என்ற செயப்பாட்டு வினையே ஆக்கியவரைத் தேடச் சொல்கிறது. 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்காயின் என்னும் மறைநாணயத்தில் யார் யாருக்கு அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தார்? அதன் வலையமைப்பில் இணைந்த கணினிகளில் 'முழுக் கணு' எனப்படும் ஒவ்வொன்றும், பணப் பரிமாற்றங்கள் பதிவாகும் கணக்கேட்டைத் தானே சரிபார்க்கிறது. ரோபோவுக்கு இத்தகைய வலையமைப்பு தேவைப்படுவதும் அதனால்தான். மின்னேற்றும் நிலையத்தில் வந்து நிற்கும் ரோபோவுக்கு எந்த வங்கி கணக்குத் திறக்கும்? அடையாளச் சான்றுக்கு அது எங்கே போகும்? ஆனால் தனித்திறவி (ஒப்பமிட உதவும் இரகசிய எண்) ஒன்றை உருவாக்கிக்கொள்ள எவருடைய அனுமதியும் வேண்டாம். அதைக் கொண்டு ஒப்பமிட்டு, ஏற்றிய மின்சாரத்துக்குப் பணம் செலுத்திவிட்டு நகரலாம். 'பரவலாக்கப்பட்ட' என்று படிப்பவரோ, ஏதோ தலைமை வங்கி ஊருக்கு ஊர் கிளை திறந்திருப்பதாக எண்ணிக்கொள்வார்.

தகவல்தொடர்புப் பொறியாளர் பால் பாரன் 1964இல் வலையமைப்புகளை மூன்றாகப் பிரித்தபோது, பல நடுக்கணுக்கள் கொண்ட இரண்டாம் வகைக்கே இந்த ஆங்கிலச் சொல்லை வைத்தார் என்று வாதிடுவோர் உண்டு. உண்மைதான்; நடுக்கணுவே இல்லாத மூன்றாம் வகைக்கும் அதைப் பின்னர் நீட்டியது ஆங்கில வழக்கு. அந்தக் குழப்பத்தையும் சேர்த்துப் பெயர்க்கும் கடமை நமக்கில்லை.

ஆகவே 'மையமற்ற வலையமைப்பு' என்பதே என் தெரிவு. இல்லாததைச் சொல்லிப் பெயரிடலாமா என்று கேட்பவர்கள், 'கம்பியில்லாத் தந்தி' என்று நம் முன்னோர் தயங்காமல் எழுதியதை நினைத்துக்கொள்ளட்டும். ஒரே நிறுவனம் கணுக்களையெல்லாம் தன் கையில் வைத்துக்கொண்டு மையமே இல்லை என்று விளம்பரம் செய்தால், அதைப் 'பரவலாக்கப்பட்ட வலையமைப்பு' என்றே எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை.