தோட்டத்து மண்ணில் பழைய டோக்கன் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

போன ஐப்பசி மழையில், கோத்தகிரிப் பக்கம் எங்கள் பக்கத்து வீட்டு அத்தையின் தேயிலைச் சரிவில் மண் சரிந்துவிட்டது. அதை அள்ளிப் போடும்போது மண்வெட்டியில் ஒரு பித்தளை வில்லை தட்டுப்பட்டது. நடுவில் துளை, ஒரு பக்கம் இரண்டு ஆங்கில எழுத்து, கீழே ஒரு எண், மறுபக்கம் வெறுமை. நான் போய்ப் பார்ப்பதற்குள் அத்தை அதைப் புளி போட்டுப் பளபளவென்று விளக்கிவிட்டார். எழுத்தின் ஓரமெல்லாம் மழுங்கிப்போய், எனக்கு மனசே ஆறவில்லை.

அது காசு இல்லை, டோக்கன். சில்லறை தட்டுப்பாடாக இருந்த காலத்தில் தோட்டங்களில் பறித்த கூடைக்கு இத்தனை என்று வில்லை கொடுப்பார்கள், கணக்கு நாளில் அதைத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்ள வேண்டும். துளை இருந்தால் கம்பியில் கோத்து வைக்க வசதி. பித்தளைக்கு எடைக்கடையில் என்ன கிடைத்துவிடும்? அதன் மதிப்பு முழுக்க அந்த எழுத்திலும் எண்ணிலும்தான் இருக்கிறது. அதனால் தேய்க்காதீர்கள், எலுமிச்சையும் வேண்டாம். தண்ணீரில் லேசாக அலசி, நிழலில் உலர்த்தி, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். விட்டமும் எடையும் குறித்துக்கொள்ளுங்கள், எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்பதையும்தான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இன்றும் நடப்பில் இருப்பது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். புதையல் என்றால் தங்கக் குடம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் அதில் வரும். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, சுமார் மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி. பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பிணை கொடுக்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு ஊட்டி கலெக்டர் ஆபீஸ். மனு கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

அப்புறம் கலெக்டர் அறிவிப்பு வெளியிடுவார், உரிமை கோருபவர்கள் வருவதற்கு நான்கு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு நாள் குறிப்பார். உரியவர் இல்லை என்று தீர்மானமானால், நிலத்துக்காரரும் உரிமை கேட்காதபோது பொருள் முழுதும் எடுத்தவருக்கே. நிலத்துக்காரர் கேட்டால், இருவருக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முக்கால் பங்கு எடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு மண் வெட்டும் ஆட்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் எடுத்தவர் அவர்தான், ஆனால் யாரும் அவரிடம் இதைச் சொல்வதில்லை.

அரசே எடுத்துக்கொள்ள நினைத்தால் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தரும். பித்தளைக்கு இது சொற்பம்தான், சேகரிப்பவர்கள் தரும் விலை இதில் கணக்காகாது. என் மனசுக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அதற்காக மறைத்து வைத்தால் பங்கும் போய்விடும், ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரலாம்.

இன்னொரு சட்டம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். நூறு வருடம் தாண்டிய காசும் கைவினைப் பொருளும் தொல்பொருள்தான். நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் 1850களிலேயே தொடங்கிவிட்டதால், கையில் இருக்கும் வில்லைக்கு அந்த வயது இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டதை உரிமம் இல்லாமல் வியாபாரமாக விற்கக் கூடாது. ஆன்லைனில் நல்ல விலை சொல்கிறார் என்று வெளிநாட்டுக்காரருக்குக் கூரியரில் அனுப்பினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை சிறை. காப்புக்காட்டில் இதற்காகத் தோண்டப் போவதும் தனிக் குற்றம், அங்கே வனத்துறைச் சட்டம் வரும்.

அத்தை இப்போது அந்த வில்லையை ஒரு பஞ்சுத் துணியில் சுற்றி அஞ்சறைப்பெட்டியில் வைத்திருக்கிறார். மனு எழுதியாகிவிட்டது, திங்கட்கிழமை இருவரும் ஊட்டி பஸ் பிடிக்கிறோம்.