பெட்டிக்குப் பெல்ட் போட்டாயிற்று, டாக்டருக்கு?

பின்னிரவு மூன்றே காலுக்கு மருத்துவமனை வாசலில் டாக்சி வந்து நின்றது. சிறுநீரகம் இருந்த பெட்டியைப் பின் இருக்கையில் வைத்து, பெல்ட்டை இழுத்துக் கைப்பிடிக்குள் நுழைத்து மாட்டி, ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இளம் அறுவை மருத்துவர் கதவைச் சாத்திய கையோடு தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். ஓட்டுநர் தமிழர், அறுபதை நெருங்கியவர். கண்ணாடியில் பின்னால் பார்த்தாரே தவிர, வண்டியை எடுக்கவில்லை.

“ஏம்மா, பெட்டிக்குப் பெல்ட் போட்டுவிட்டீர்கள். டாக்டருக்கு யார் போடுவது?”

முன் இருக்கையில் இருந்த எனக்கு வெட்கமாகிவிட்டது. நானும் போட்டிருக்கவில்லை.

அறுவை அறைத் தாதியாகத் தொடங்கி, இன்று சிங்கப்பூரில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். சமூக மன்றங்களில் பேசப் போனால் மக்கள் சட்டத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். விலகிக்கொள்ளாதவர் இறந்தால் உறுப்பை எடுக்க அனுமதிக்கும், 1987இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டம், 2004இல் கல்லீரல், இதயம், விழிவெண்படலம் சேர்ந்தது, 2008இல் முஸ்லிம்களும் அதற்கு உட்பட்டது, விலகிக்கொள்ள என்ன படிவம் என்று. நியாயமான கேள்விகள். உறுப்பை எடுக்கப் போகிறவர்கள் எப்படிப் போய் எப்படித் திரும்புகிறார்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. எங்களுக்குள்ளேயே நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை என்பதுதான் மோசம்.

2007 ஜூனில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, மில்வாக்கியில் எடுத்த நுரையீரல்களோடு திரும்பும்போது விமானம் மிச்சிகன் ஏரியில் விழுந்து 6 பேரும் இறந்தனர். 2011 டிசம்பர் 26 அன்று, இதயம் எடுக்கப் புறப்பட்ட ஒரு மருத்துவர், உதவியாளர், விமானி மூவரும் புளோரிடாவில் ஹெலிகாப்டர் விழுந்து மாண்டனர். இதைச் சொன்னால் சக ஊழியர்கள், “நமக்குத்தான் விமானமே கிடையாதே, தீவு இவ்வளவுதானே” என்று சிரிக்கிறார்கள். உண்மைதான், நாங்கள் போவது சாலையில். ஆனால் மழைத்தண்ணீர் தேங்கிய விரைவுச்சாலையில் கார் வழுக்குவதற்குத் தீவின் பரப்பளவு தடையில்லை. விடியலுக்கு முன் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று மழையோடு வந்து அறையும் மாதங்களில், முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது.

வேகம் பற்றி ஒரு கணக்குப் போடுவோம். தீவின் கிழக்கே சீமெய்யில் உள்ள மருத்துவமனையிலிருந்து மேற்கே கெண்ட் ரிட்ஜ் மருத்துவமனை வரை சுமார் 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 90 கிலோமீட்டரில் போனால் 17 நிமிடம், சட்டத்தை மீறி 120இல் போனால் பன்னிரண்டரை நிமிடம். மிச்சம் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். பனிக்கட்டியில் வைத்த சிறுநீரகம் ஒரு நாள்கூடத் தாங்கும், கல்லீரல் பன்னிரண்டு மணி நேரம் வரை. இதயத்துக்கு நான்கு மணி நேரம்தான், அங்கே அவசரம் நிஜம். அந்த நான்கு நிமிடத்தையும் மருத்துவமனை மின்தூக்கிக்காகக் காத்து நின்றே தொலைத்திருக்கிறோம். புறப்படும்போதே போன் செய்து, காவலரிடம் சொல்லி, ஒரு மின்தூக்கியைப் பிடித்து வைக்கச் சொன்னால் அது மிச்சம்.

நான் பயப்படுவது போகும் வழிக்கல்ல, திரும்பும் வழிக்கு. மூளைச்சாவை உறுதிசெய்வது, குடும்பத்தாரிடம் பேசுவது, பொருந்தும் நோயாளியைத் தேடுவது என்று பகல் முழுக்கக் கரைந்துவிடும். அறுவை அறை காலியாவது இரவில். காலை ஏழு மணிக்கு வார்டைச் சுற்றத் தொடங்கிய மருத்துவர், மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கையுறையைக் கழற்றுகிறார். பெட்டி கைமாறிவிடுகிறது. அவரோ கார் நிறுத்துமிடத்துக்கு நடந்து போய், தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பொங்கோலில் உள்ள வீட்டுக்குப் போகிறார்.

17 மணி நேரம் விழித்திருந்தவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவரின் நிலைக்கு இறங்குகிறது என்று 1997இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. 24 மணி நேரமானால் ஏறக்குறைய 0.10. சிங்கப்பூரில் ஓட்டுநருக்கான வரம்பு 0.08. குடித்துவிட்டு வந்த மருத்துவரிடமிருந்து கார் சாவியைப் பிடுங்க நான் தயங்கமாட்டேன். தூங்காத மருத்துவரிடம் “பார்த்துப் போங்கள், டாக்டர்” என்று சொல்லிக் கையசைக்கிறேன். கடைக் கோப்பியை இரண்டு குவளை குடித்தால் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. தேநீரோ கோப்பியோ சிறிது நேரம் கண்ணைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் சிலவற்றை மாற்றினோம். இரவில் உறுப்பு எடுக்கப் போகிறவர் தன் வண்டியில் வரக்கூடாது. டாக்சிச் செலவை யார் ஏற்பது என்று இரண்டு மாதம் மின்னஞ்சல் ஓடியது, அது தனிக் கதை. மழை கொட்டினால் “ஓரம் கட்டுங்கள்” என்று சொல்லும் உரிமை வண்டியில் இருப்பவர்களில் இளையவருக்கும் உண்டு, அதற்காக யாரும் முகம் சுளிக்கக்கூடாது. கட்டாத பெட்டியை மடியில் வைக்கக்கூடாது. பனிக்கட்டி நிரம்பிய பெட்டி மோதலில் முன்னால் பாய்ந்தால் அதுவே கல்.

எங்கள் பயணப் படிவத்தில் ரத்தக்குழாயை அடைத்த நேரம், பனியில் வைத்த நேரம், பெட்டி போய்ச் சேர்ந்த நேரம் என்று கட்டங்கள் உண்டு. கடைசியில் நான் பென்சிலால் ஒரு கட்டம் கூட்டினேன்: வீடு சேர்ந்த நேரம். குழுவில் ஒவ்வொருவரும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்ப வேண்டும். பாதிப் பேர் மறந்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். காலை ஒன்பது மணிக்கு நான் போன் போட்டு எழுப்பித் திட்டு வாங்குகிறேன். அந்த இளம் மருத்துவர்தான் அதிகம் திட்டுகிறார்.