விசாத் தாளில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது?

சென்ற ஆண்டு மார்ச்சில், திருவாடானைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் மகனின் பாஸ்போர்ட் நகல், நகைக்கடன் ரசீது, மூன்றாக மடித்த விசா ஜெராக்ஸ். மகன் சவூதி போய் நாற்பது நாள் ஆகியிருந்தது.

"பேக்கிங் வேலைன்னுதான் சொன்னாக வக்கீலம்மா. இப்ப ஆடு மேய்க்கிறேங்குறான். தண்ணி டேங்கு மேல ஏறி நின்னாத்தான் போனே எடுக்குதாம்."

எனக்கு அரபி தெரியாது. ஜெராக்ஸைப் போட்டோ எடுத்து எங்கள் தெருப் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அசர் தொழுகை முடிந்ததும் கூப்பிட்டார். "மிஹ்னான்னு போட்டிருக்குல்லம்மா, தொழில்னு அர்த்தம். அதுக்கு நேரா ராயீ கனம்னு இருக்கு. ஆடு மேய்க்கிறவரு."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப முதல்லயே எழுதித்தான் இருந்துச்சா?"

எழுதித்தான் இருந்தது. பையன் விமானம் ஏறும்போது அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. (ஊர், ஆள் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

ராமநாதபுரம் மாவட்டத்தில் வக்கீலாக இருந்தால் வெளிநாட்டு வேலை வழக்கு வராமல் இருக்காது. "அங்க போனதும் ஏமாத்திட்டாங்க" என்றுதான் வருகிறவர்கள் சொல்வார்கள். காகிதங்களை மேசையில் பரப்பிப் பார்த்தால், பெரும்பாலும் ஏமாற்று வேலை இங்கேயே, நம் ஊர் டீக்கடையிலேயே முடிந்திருக்கும். அரபிக்காரன் ஆடு மேய்க்கத்தான் விசா எடுத்திருக்கிறான். அதைப் பேக்கிங் வேலை என்று விற்றவர் நம்ம ஆள்.

அந்த ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? சவூதியில் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சீர்திருத்தத்தின்படி, தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவர் சில நிபந்தனைகளோடு முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேலை மாறலாம், ஊருக்கும் புறப்படலாம். ஆனால் அந்தச் சலுகையில் சில பிரிவினரைச் சேர்க்கவில்லை. வீட்டு வேலைக்காரர், ஹவுஸ் டிரைவர், ஆடு மேய்ப்பவர், தோட்டக்காரர், விவசாயக் கூலி. ஆக, தொழில் என்ற இடத்தில் இருக்கும் ஒரு சொல், நீங்கள் எந்தச் சட்டத்துக்குள் வருகிறீர்கள் என்பதையே மாற்றிவிடுகிறது. குவைத்திலும் இதே கதைதான். 18-ஆம் நம்பர் விசா கம்பெனி வேலைக்கு. நம் ஆட்கள் சூன் விசா என்பார்கள். 20-ஆம் நம்பர், காதிம் விசா, வீட்டு வேலைக்கு. "இருபதுல போயிரு தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்" என்ற பேச்சை எத்தனை பேர் சொல்லக் கேட்டுவிட்டேன்! மாற்றித் தருவது கஃபீல், அதாவது விசா எடுத்த முதலாளி கையிலும் அந்த நாட்டு அரசு அவ்வப்போது போடும் உத்தரவிலும் இருக்கிறது. ஏஜென்ட் கையில் இல்லை.

ஆகவே பணம் கொடுக்கும் முன் விசாவின் நகலை வாங்குங்கள். "டிக்கெட்டோட சேத்துத் தர்றேன்" என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள். ஹஜ்ரத் இல்லாத ஊரா? போனில் கூகுள் டிரான்ஸ்லேட்டைத் திறந்து கேமராவைத் தாளின் மேல் காட்டினால் போதும், குத்துமதிப்பாகவாவது சொல்லிவிடும். சாயிக் காஸ் என்றால் வீட்டு டிரைவர், கம்பெனி டிரைவர் இல்லை. ஆமில் மன்ஸிலி என்றால் வீட்டு வேலை. சவூதிக்கான ஒப்பந்தம் 'முசானத்' தளத்தில் இருக்கிறது என்று ஏஜென்ட் சொன்னாலும் அது வீட்டு வேலைதான். கம்பெனி ஒப்பந்தங்கள் 'கிவா' என்ற வேறு தளத்தில் பதிவாகின்றன.

இதையெல்லாம் அரசாங்கம் பார்க்காதா என்று கேட்பார்கள். பாதிப் பேருக்குப் பார்க்கும். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஈ.சி.ஆர்., அதாவது 'குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை' என்ற வகை. அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் இருக்கிறது. வேலை ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் அனுமதி கொடுப்பார்கள். பத்தாவது தேறியவருக்கு இந்தத் தொல்லை இல்லை. தொல்லை இல்லை என்றால், அவருடைய ஒப்பந்தத்தை யாருமே பார்ப்பதில்லை என்றும் அர்த்தம். அந்த அம்மாவின் மகன் பத்தாவது பாஸ். "படிச்ச பையன், ஒரு கையெழுத்தும் வேணாம்" என்று ஏஜென்ட் பெருமையாகச் சொன்னாராம்.

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர்களை வேறு வழியில் தள்ளிவிடுகிறார்கள். விசிட் விசா. சுற்றிப்பார்க்கப் போகிறவருக்கு அனுமதி தேவையில்லை அல்லவா! ஏர்போர்ட்டில் கேட்டால் மச்சானைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்விக்கிறார்கள். அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு, அங்கே சம்பளம் வரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால் நீங்கள் தொழிலாளியே இல்லை. இன்ஷூரன்சும் போச்சு. முறையாக அனுமதி வாங்கிப் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம். முறையாகப் போனவர் வீட்டிலேயே பல பேருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாது. பாலிசித் தாளை அவர் பெட்டியோடு கொண்டு போயிருப்பார். வீட்டில் ஒரு நகல் வையுங்கள்.

டிகிரி படித்த பிள்ளைகளுக்கு வேறு வலை. டேட்டா என்ட்ரி, கஸ்டமர் கேர், பாங்காக்கில் ஆபீஸ் என்று கூட்டிப்போய், தாய்லாந்து எல்லையில் ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவடியில் சைபர் மோசடி வளாகங்களில் அடைத்த கதை 2022-இல் வெளியே வந்தது. மீட்கப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். இன்டர்வியூ டெலிகிராமில் நடந்தால், டிக்கெட் அவர்கள் செலவு என்றால், விசா போய் இறங்கியதும் கிடைக்கும் என்றால், போகாதீர்கள். இதற்கு வக்கீல் ஆலோசனையே தேவையில்லை.

இனி ஏஜென்ட். இந்த ஆள் எப்போதும் மாமாவாகவோ பங்காளியாகவோ, அப்பாவோடு படித்தவராகவோ இருப்பார். ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஆட்கள் நினைப்பதுதான் அவருடைய முதலீடு. குடிபெயர்வுச் சட்டம், 1983-இன்படி மத்திய அரசிடம் பதிவு செய்யாத யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க முடியாது. பதிவு இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு பெற்றவரே ஆனாலும் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதும் கொடுக்க வேண்டும். அந்த அம்மா கொடுத்தது 1,40,000. சப் ஏஜென்ட் என்ற ஒரு ஆளே அந்தச் சட்டத்தில் கிடையாது.

பதிவில்லாமல் ஆள் எடுத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஆமாம், இரண்டாயிரம்தான், அச்சுப் பிழை இல்லை. அதனால் நாங்கள் மோசடிப் பிரிவையும் சேர்த்துத்தான் புகார் எழுதுகிறோம். பல பேருக்குத் தெரியாத ஒன்று: இந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவரோ, அவருக்காக அவருடைய தாய், தகப்பன், மனைவி, கூடப்பிறந்தவர்களோ புகார் கொடுத்தால் அது தேவையில்லை. "பையன் வந்ததும் பாத்துக்கலாம்" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

சாட்சி பற்றி ஒரு வார்த்தை. கையில் கொடுத்த பணத்துக்கு ஒன்றும் இருக்காது. ஜிபேயில் போட்டதற்கு இருக்கும். ஏஜென்ட் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்தான் பல வழக்குகளில் எனக்குக் கிடைத்த ஒரே ஆதாரம். அதைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடவும் வேண்டாம்.

அங்கே மாட்டிக்கொண்டவர் செய்யக்கூடாதது, யாரிடமும் சொல்லாமல் ஓடிப்போவது. முதலாளி ஹுரூப், அதாவது ஆள் ஓடிவிட்டான் என்ற புகார், போட்டுவிட்டால் அவர் சட்டப்படி தலைமறைவு ஆள். இக்காமா என்ற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க முடியாது, ஊர் திரும்புவதற்கான சாதாரண எக்ஸிட்டும் கிடைக்காது. முதலில் தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். 'உதவி' என்ற பொருளில் வைத்த இந்திப் பெயர். நாங்கள் அதில் பதிந்து, கலெக்டர் ஆபீசிலும் ஒரு மனு கொடுத்தோம். தூதரகத்தில் இருந்து கஃபீலிடம் பேசிப் பேசி, பையன் வந்து சேர ஏழு மாதம் ஆனது. நகை இன்னும் பாங்கில்தான் இருக்கிறது.

போகவே போகாதீர்கள் என்று நான் எழுதவில்லை. நான் சட்டம் படித்ததே சித்தப்பா துபாயில் இருந்து அனுப்பிய காசில்தான். அவர் கட்டடக் கம்பெனியில் மேஸ்திரி. விசாவிலும் மேஸ்திரி என்றுதான் இருந்தது.

போன வாரம் அந்தப் பையனே அலுவலகத்துக்கு வந்தான், கூடவே அவன் பெரியம்மா மகனையும் கூட்டிக்கொண்டு. தம்பிக்குக் குவைத், சூப்பர் மார்க்கெட் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். பணம் இன்னும் கொடுக்கவில்லை. விசா நகலை ஹஜ்ரத்துக்கு அனுப்பினேன். இந்த முறை அவர் கூப்பிடவில்லை, ஒரு வரி மெசேஜ் போட்டார்: "இருபதுதாம்மா. காதிம்."

தம்பியின் பாஸ்போர்ட் இப்போது ஏஜென்ட் கையில் இருக்கிறது. அது இந்திய அரசின் சொத்து, அடுத்தவர் பிடித்து வைக்க உரிமை இல்லை என்று நோட்டீஸ் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு முன் திங்கட்கிழமை ஒரு முறை நேரில் போய்க் கேட்கிறோம் என்றார்கள். ஏஜென்ட் அவர்களுக்கு மாமா முறையாம்.