கோடிட்ட வட்டா, கீற்றுத் தொகுதியா?

‘கோடிட்ட தருக்கக் கனஅளவு.’ கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் கைமாறும் லினக்ஸ் பயிற்சிக் குறிப்புகளில் இந்தத் தொடரை அடிக்கடி பார்க்கிறேன். ஸ்ட்ரைப்டு லாஜிக்கல் வால்யூம் என்பதைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். மூன்று சொற்களில் ஒன்றுகூடப் பொருளைத் தொடவில்லை.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடலாம். சர்வரில் மூன்று ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கின்றன. பல வட்டுகளின் இடத்தைச் சேர்த்துப் பங்கிட்டுத் தரும் எல்விஎம் என்ற லினக்ஸ் மென்பொருள் மூலம் அவற்றை ஒரே குழுவாக்கி, அதிலிருந்து ஒரு தொகுதியை வெட்டி எடுக்கிறோம். சாதாரணமாக முதல் வட்டில் ஒதுக்கிய இடம் நிரம்பிய பிறகே தகவல் அடுத்த வட்டுக்குப் போகும். ஸ்ட்ரைப் முறையில் அப்படி இல்லை. முதல் 64 கிலோபைட் ஒன்றாம் வட்டில், அடுத்த 64 இரண்டாம் வட்டில், அதற்கடுத்தது மூன்றாம் வட்டில், மறுபடி ஒன்றாம் வட்டில். பந்தியில் பரிமாறுகிறவர் இலைக்கு ஒரு கரண்டி வைத்துக்கொண்டே போய், கடைசி இலை முடிந்ததும் முதல் இலைக்குத் திரும்புவதைப் போல. பெரிய கோப்பு ஒன்றைப் படிக்கும்போது மூன்று வட்டுகளும் சேர்ந்து உழைப்பதால் வேகம் கூடும்.

ஸ்ட்ரைப் என்ற சொல் டச்சு அல்லது தாழ்நில ஜெர்மன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததாகச் சொல்வார்கள். துணியில் வேறு நிறத்தில் ஓடும் பட்டைக்குப் பெயர். வட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் படமாக வரைந்தால், ஒரே சுற்றில் எழுதிய துண்டுகள் எல்லா வட்டுகளின் குறுக்கேயும் ஒரு பட்டையாகத் தெரியும். 1986லேயே இந்த முறை பற்றிய ஆய்வுக் கட்டுரை டிஸ்க் ஸ்ட்ரைப்பிங் என்ற பெயரில் வந்துவிட்டது. லினக்ஸுக்கு எல்விஎம் வந்தது 1998ல், ஹைன்ஸ் மௌல்ஸ்ஹாகன் எழுதியது.

சரி, ‘கோடிட்ட’ என்பதில் என்ன தப்பு? தமிழ்ப் பள்ளியில் படித்த எவரிடமும் ‘கோடிட்ட’ என்று சொல்லிப் பாருங்கள். ‘இடத்தை நிரப்புக’ என்று அவரே முடிப்பார். நம் காதில் கோடிட்டது என்றால் காலியாக விட்டது. கோடிட்டுக் காட்டுவது என்றால் அழுத்திச் சொல்வது. இரண்டுக்கும் வட்டுக்கும் என்ன உறவு? இன்னொன்று, கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் இல்லை என்று கணக்குப் பாடத்தில் படித்திருக்கிறோம். எல்விஎம்மில் ஸ்ட்ரைப் அளவைக் குறிப்பிடலாம், சொல்லாவிட்டால் 64 கிலோபைட். அகலமே இல்லாத ஒன்றுக்கு அளவு எங்கிருந்து வரும்?

பினாங்கில் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவர் இதை விட்டுக்கொடுக்கமாட்டார். “ஜாலூர் கெமிலாங்கைக் காட்டினால் போதும் சார், பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்” என்பார். ஜாலூர் கெமிலாங் என்பது நம் மலேசியக் கொடி, அதில் 14 கோடுகள், ஜாலூர் என்றாலே அதுதான், எனவே ஸ்ட்ரைப்பும் கோடு. இந்த வாதம்தான் எனக்கு ஒப்பவில்லை. கொடியின் கோடு துணிமேல் இருக்கும் நிறம். துணியை யாரும் துண்டாக்கவில்லை. வட்டில் நடப்பதோ தகவலையே அறுத்து வெவ்வேறு இடத்தில் வைப்பது. மலாய்க்காரர்கள் ஜாலூர் என்ற சொல்லை ஜாலூர் லேபார் என்று அகன்ற அலைவரிசைக்கும் நீட்டிக்கொண்டார்கள், அவர்கள் மொழியில் அது அகலத்தையும் தாங்குகிறது. நம்முடைய கோடு தாங்காது. மலாய்ச் சொல்லின் வழியே ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் எழுதுவது இங்கே பெருகிவிட்ட பழக்கம். இரண்டு கண்ணாடி போட்டுக்கொண்டால் பார்வை தெளியாது.

‘வரியிட்ட’ என்கிறவர்களும் உண்டு. வரி என்றால் முதலில் வருமான வரி நினைவுக்கு வரும். கட்டளை வரியில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது இன்னும் குழப்பம். இவற்றையெல்லாம்விட ஆபத்தானது ‘பகிர்ந்த’ தொகுதி. பகிர்வது என்றதும் எல்லா வட்டிலும் ஒரு பிரதி இருப்பதாக மாணவர் நினைத்துக்கொள்வார். உண்மை நேரெதிர். பிரதி எதுவும் கிடையாது, மூன்றில் ஒரு வட்டு போனால் முழுத் தொகுதியும் போய்விடும். தவறான சொல்லை நம்பி பேக்கப் எடுக்காமல் விடுகிறவருக்கு யார் பதில் சொல்வது?

என் சொல் கீற்று. கீறு என்ற வினையிலிருந்து பிறந்தது. மாங்காய்க் கீற்று, தேங்காய்க் கீற்று என்று வீட்டில் புழங்குவது. அறுத்தெடுத்த துண்டு என்ற பொருள் அதிலேயே இருக்கிறது, அளவும் பொருந்தும்: 64 கிலோபைட் கீற்று. ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு குழப்பத்தையும் இதை வைத்துத் தீர்க்கலாம். தொகுதியை உருவாக்கும் எல்விகிரியேட் கட்டளையில் சின்ன ஐ (-i) எத்தனை வட்டு என்பதைச் சொல்கிறது, பெரிய ஐ (-I) ஒவ்வொரு வட்டிலும் விழும் துண்டின் அளவைச் சொல்கிறது. இரண்டுக்கும் ஸ்ட்ரைப் என்ற சொல்லையே வைத்திருக்கிறார்கள். எல்விஎம்முக்கு வெளியே, குறுக்கே ஓடும் முழுப் பட்டைக்கும் அதே பெயர்தான். தமிழில் துண்டைக் கீற்று என்றும், எல்லா வட்டுக்கும் குறுக்கே அமையும் ஒரு சுற்றைக் கீற்று நிரை என்றும் பிரித்துச் சொன்னால் வகுப்பில் பாதிக் கேள்வி எழாது. சின்ன ஐக்கு வட்டு எண்ணிக்கை என்றே சொல்லிவிடலாம்.

மீதி இரண்டு சொற்கள். லாஜிக்கல் என்றதும் தருக்கம் என்று எழுதிவிடுகிறார்கள், தூய தமிழ் வேண்டும் என்றால் ஏரணம். எனக்கும் தூய தமிழ்தான் பிடிக்கும். ஆனால் இங்கே வாதமும் இல்லை, ஏரணமும் இல்லை. கையால் தொடக்கூடிய வட்டு அல்ல, மென்பொருள் வகுத்துக்கொண்ட பகுதி என்பதே பொருள். வால்யூமைக் கனஅளவு என்பது அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவது. கீழே இருப்பதை வட்டு என்றும், மேலே வகுத்ததைத் தொகுதி என்றும் சொன்னாலே வேறுபாடு விளங்கிவிடும். ஆகவே கீற்றுத் தொகுதி. மொழிபெயர்க்கிறவர்கள் எழுதுமுன் ஒரு சோதனைக் கணினியில் இதை ஒருமுறை உருவாக்கி, தொகுதிகளைப் பட்டியலிடும் எல்விஎஸ் கட்டளையில், வட்டுகளின் பெயரைக் காட்டும் டிவைசஸ் நெடுவரிசையையும் சேர்த்துப் பார்க்கட்டும். ஒரே தொகுதிக்கு எதிரே மூன்று வட்டுகளின் பெயரும் நிற்கும். கட்டளைப் பெயர்களுக்குத் தமிழாக்கம் தேவையில்லை, அவற்றைத் தட்டச்சு செய்கிறபடியே விட்டுவிடலாம்.