சக்கரத்தை மூடினால் ஆட்டமே மாறுகிறது

2024 மே மாதம் மொனாக்கோவில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், முதல் பத்து இடங்களில் கிளம்பியவர்கள் அதே வரிசையில் முடித்தார்கள். 78 சுற்று முடிந்தும் அந்தப் பத்தில் ஒரு இடம்கூட மாறவில்லை. அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே இப்படி நடந்தது அதுதான் முதல் முறை. இன்னொரு பக்கம், 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் டல்லடேகா தடத்தில் நடந்த நாஸ்கார் என்ற ஸ்டாக் கார் பந்தயத்தில் முதலிடம் 88 தடவை கைமாறியது. அதுவும் கார்கள் கோட்டைத் தாண்டும்போது எண்ணியது மட்டும். நடுவழியில் மாறி மாறிப் போனது கணக்கிலேயே வராது.

இந்த இரண்டு வகைப் பந்தயத்தின் ரசிகர்களும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே இருப்பார்கள். "உங்களுடையது பந்தயம் இல்லை, ஊர்வலம்" என்பார் ஒருவர். "உங்கள் ஆட்களுக்கு இடது பக்கம் திரும்ப மட்டும்தான் தெரியும்" என்பார் மற்றவர், நாஸ்கார் தடங்கள் பெரும்பாலும் இடப்பக்கமாகவே சுற்றும் நீள்வட்டங்கள் என்பதால். இரண்டுமே அநியாயமான பேச்சு என்று நினைக்கிறேன். இந்த வித்தியாசம் ஓட்டுநரின் திறமையில் இல்லை. காருக்குப் பின்னால் காற்று என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் கார்களைப் பார்த்துவிடலாம். ஸ்டாக் கார் என்பதற்கு ஷோரூமில் விற்கும் கார் என்றுதான் முதலில் பொருள். 1948-இல் பில் ஃபிரான்ஸ் நாஸ்கார் அமைப்பைத் தொடங்கிய காலத்தில் அது ஓரளவு உண்மையும்கூட. இன்றைய நாஸ்கார் கார் வெளித்தோற்றத்தில் மட்டுமே தெருக் காரை நினைவுபடுத்தும். உள்ளே குழாய்க் கூண்டு, பெரிய வி8 எஞ்சின், கிட்டத்தட்ட ஒன்றரை டன் எடை. ஃபார்முலா ஒன், இண்டிகார் போன்ற ஓப்பன் வீல் கார்களில் சக்கரங்கள் உடலுக்கு வெளியே திறந்து கிடக்கும். ஃபார்முலா ஒன் காரின் எடை நாஸ்கார் காரில் பாதியை ஒட்டித்தான் வரும்.

நெடுஞ்சாலையில் பைக்கில் போகும்போது பெரிய லாரிக்குப் பின்னால் மாட்டியிருந்தால் தெரியும்: சட்டென்று எதிர்க்காற்று அடங்கிவிடும். லாரி காற்றைக் கிழித்து ஒதுக்கிவிட்டுப் போகிறது, அதன் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு குழி உண்டாகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை முறியடிக்க எஞ்சின் தர வேண்டிய சக்தி எட்டு மடங்கு. மணிக்கு 300 கிமீ வேகத்தில் இந்தக் குழி எவ்வளவு பெரிய வரம் என்று பாருங்கள்.

இதை நாஸ்காருக்குக் காட்டிக்கொடுத்தவர் ஜூனியர் ஜான்சன். 1960 டேடோனா 500 பந்தயத்தில் அவருடைய செவ்ரோலே கார், போட்டியில் இருந்த போன்டியாக் கார்களைவிட வேகம் குறைந்தது. ஆனால் பயிற்சியின்போது ஒரு போன்டியாக்கின் முதுகோடு ஒட்டிக்கொண்டபோது, தன் கார் அதற்கு ஈடுகொடுத்து ஓடுவதைக் கவனித்தார். பந்தயத்திலும் அதையே செய்து ஜெயித்தார். இதைத்தான் டிராஃப்டிங் என்கிறார்கள்.

இதில் லாபம் பின்னால் வருபவருக்கு மட்டும் இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பின்னால் வரும் கார் தன் மூக்கால் தள்ளிவரும் காற்று, முன்காரின் முதுகிலுள்ள குழியைக் கொஞ்சம் நிரப்புகிறது. முன்காரைப் பின்னோக்கி இழுக்கும் விசை குறைகிறது. இரண்டு கார் சேர்ந்து ஓடினால், ஒற்றையாக ஓடும் எந்தக் காரையும்விட வேகமாகப் போகும். ஆகவே டேடோனா, டல்லடேகா போன்ற நீண்ட, அதிவேகத் தடங்களில் எதிரிகள் கூட்டுச் சேர்ந்தே தீர வேண்டும். யாரோடு சேர்வது, எப்போது பிரிவது, பிரிந்தால் யாராவது நம் பின்னால் வருவார்களா என்ற பேரம் ஒவ்வொரு சுற்றிலும் நடக்கிறது. வரிசையை விட்டுத் தனியாக விலகியவருக்குத் துணை கிடைக்காவிட்டால், கண் மூடித் திறப்பதற்குள் பத்துப் பதினைந்து இடம் போய்விடும்.

இந்தக் கூட்டத்தை இன்னும் நெருக்கியது ஒரு விபத்து. 1987-இல் டல்லடேகாவில் பில் எலியட், கிளம்பும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் மணிக்கு 342 கிமீ தொட்டார். அந்த வார இறுதியிலேயே பாபி அலிசனின் டயர் வெடித்து, கார் காற்றில் எழும்பிப் பார்வையாளர் வேலியைக் கிழித்தது. பலர் காயமடைந்தார்கள். அடுத்த ஆண்டு முதல் டேடோனா, டல்லடேகா ஆகிய இரு தடங்களிலும் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் துளைத்தகட்டைப் பொருத்தினார்கள். எல்லாக் கார்களும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்கு வந்தன. யாராலும் தப்பித்து ஓட முடியாமல், நாற்பது கார்கள் ஒரே கொத்தாகச் சுற்ற ஆரம்பித்தன.

சரி, ஃபார்முலா ஒன் காருக்குப் பின்னாலும் அதே குழி இருக்கிறதே? இருக்கிறது. 1971-இல் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் முதல் ஐந்து பேரும் 0.61 நொடிக்குள் வந்து சேர்ந்தார்கள். பீட்டர் கெத்தின் ஜெயித்தது 0.01 நொடியில். நேர்பாதைகள் நிறைந்த அந்தத் தடத்தில் கூட்டமாகப் பறந்ததால் வந்த முடிவு அது. ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஓப்பன் வீல் கார் வேறொரு பிராணியாகிவிட்டது. தலைகீழான விமான இறக்கைபோல முன்னும் பின்னும் விங், காருக்கு அடியில் காற்றை விரைவாக ஓடவிட்டு உறிஞ்சிப் பிடிக்கும் தரை. இவை காரைச் சாலையோடு அழுத்துகின்றன. இந்த டவுன்ஃபோர்ஸ் உயர்வேகத்தில் காரின் சொந்த எடையையே மிஞ்சும். வேகம் கூடினால் பிடிமானமும் கூடும் என்பதால், வளைவில் பயந்து காலைத் தூக்கினால்தான் ஆபத்து. உடம்பு சொல்வதற்கு நேரெதிராக ஓட்ட வேண்டும்.

இந்த அழுத்தம் கிடைக்கச் சுத்தமான காற்று வேண்டும். முன்கார் விட்டுச்செல்வதோ குழம்பிச் சுழலும் காற்று. திறந்த சக்கரங்களும் சுழன்றுகொண்டே அதை இன்னும் கலக்குகின்றன. 2021 வரையிலான கார்களில், பத்து மீட்டர் பின்னால் வந்தவருக்கு டவுன்ஃபோர்ஸில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. வளைவில் கார் வழுக்கும், டயர் சூடேறும், இடைவெளி விழும். நேர்பாதையில் அதே குழி உதவ நினைத்தாலும், வளைவிலேயே தூரமாகிப் போனவருக்கு அதனால் பயன் குறைவு. 2011-இல் பின்விங்கைத் திறக்கும் வசதியைக் கொடுத்ததும், 2022-இல் காரின் அடித்தரையையே மாற்றி வடிவமைத்ததும் இந்த ஒரு சிக்கலுக்காகத்தான்.

அப்புறம், இடிப்பது. ஸ்டாக் காரில் பம்பரால் தள்ளுவதும் கதவோடு கதவு உரசுவதும் ஓட்டும் கலையின் பகுதி. ஓப்பன் வீலில் அது மரணத்தோடு விளையாடுவது. உருளும் சக்கரத்தைக் கவனியுங்கள்: அதன் முன்பக்கம் கீழ்நோக்கி இறங்கும், பின்பக்கம் மேல்நோக்கி எழும். பின்கார் தன் முன்சக்கரத்தால் முன்காரின் பின்சக்கரத்தைத் தொட்டால், எழும் பக்கமும் இறங்கும் பக்கமும் உரசிக் கவ்விக்கொள்கின்றன. பின்கார் மேலே ஏறிப் பறக்கிறது. 2010-இல் வலென்சியாவில் மார்க் வெப்பர் அப்படித்தான் காற்றில் கவிழ்ந்து, அதிர்ஷ்டவசமாகக் காயமின்றித் தப்பினார். 2011 அக்டோபரில் லாஸ் வேகாஸில் இண்டிகார்கள் நாஸ்கார் பாணியில் கொத்தாக ஓடியபோது 15 கார்கள் சிக்கிய விபத்தில் டான் வெல்டன் இறந்தார். அந்த ஆண்டின் இண்டியானாபொலிஸ் 500 வெற்றியாளர் அவர். அடுத்த ஆண்டுக்கென்று அவரே சோதித்துத் தந்த புதிய காரில், பின்சக்கரங்களுக்குப் பின்னால் தடுப்பு இருந்தது. அந்தக் காருக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அதனால்தான் இரண்டையும் பார்க்கும் விதமே வேறு என்கிறேன். ஃபார்முலா ஒன்னில் எனக்குப் பிடித்தது சனிக்கிழமைத் தகுதிச் சுற்று. எதிரே யாரும் இல்லை, சுத்தமான காற்று, ஒரு மனிதரும் ஒரு இயந்திரமும் எல்லையைத் தொடும் ஒன்றரை நிமிடம். நாஸ்காரில் தகுதிச் சுற்றை விட்டுவிடுவேன், கடைசிப் பத்துச் சுற்றுக்கு உட்கார்ந்துவிடுவேன். 2024-இல் கன்சாஸில் கைல் லார்சன் ஜெயித்தது 0.001 நொடியில். எது உயர்ந்தது என்று கேட்டால், மனிதர்கள் ஒருவரையொருவர் படிக்கும் அந்த ஆட்டத்துக்கே என் ஓட்டு.

இரண்டையும் ஓட்டிப் பார்த்த ஒரு தமிழர் இருக்கிறார். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். 2010-இல் அவர் நாஸ்காரின் பிக்கப் டிரக் தொடருக்குப் போனார். முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூட வராத, காகிதக் கிளிப் வடிவக் குட்டித் தடம். அங்கே காற்றுக்கு வேலை குறைவு, பம்பருக்குத்தான் அதிகம். தொட்டால் போச்சு என்று பழகிய கைகளோடு போய், 13-ஆவதாக முடித்தார். அந்த ஆண்டு முடிவில் அந்தத் தொடரின் ரசிகர்கள் வாக்களித்துத் தங்கள் அபிமான ஓட்டுநராகத் தேர்ந்தெடுத்ததும் அவரைத்தான்.